வேலையை விட்ட மாதத்தில் நான் செத்துப்போனேன்

நான் செத்துப்போய்விட்டேன் என்பது குமாரபாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நாலு வயது மகள் என் மடியில் பொரி தின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் என் பி.எஃப். நம்பரைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, இது உங்க நம்பர்தானுங்களா?"

"ஆமாங்க. என்னாச்சுங்க?"

"வேலைய உட்ட காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. அதுல, வேலையில இருக்கறப்பவே மரணம்னு போட்டிருக்குதுங்க."

ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. மகளை எவ்வளவு இறுக்கிப் பிடித்தேனோ, வலிக்குது என்று கத்தினாள்.

ஏன் அவ்வளவு பயம் என்று சொல்லிவிடுகிறேன். நான் நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருந்தேன். காலையில் மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு மில் வேன் ஏறினால், சாயங்காலம்தான் இறங்குவேன். உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து போனை எடுத்தேன், திரை நிறைய மிஸ்டு கால். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கிறது. அந்த அக்கா பதறிப்போய் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாயில் கரண்டியை வைத்து, கடைசியில் ஆட்டோ பிடித்துப் பவானி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அந்த நேரமெல்லாம் நான் மெஷின் முன்னால் நின்று அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிவதற்குள் பஸ் ஏறிச் சேலத்தில் பெரிய டாக்டரிடம் காட்டினேன். வலிப்பு வராமல் இரண்டு வருடம் முழுசாகப் போகும் வரைக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, நேரம் பார்க்க வேண்டும், நிற்காவிட்டால் மூக்கில் மருந்தை அடிக்க வேண்டும். "கூடவே ஒருத்தர் இருக்கணும்மா" என்றார்.

அந்த ஒருத்தர் யார்? வீட்டுக்காரர் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு டிரைவர். வருடத்தில் பாதி சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருப்பார். மழை வந்தால் வண்டி நிற்கும், சம்பளமும் நிற்கும். நான்தான் வேலையை விட்டேன், அதன் பிறகு மில் பக்கமே போகவில்லை. பி.எஃப். பணம் வந்தால் ஒரு வருடம் எப்படியோ ஓட்டிவிடலாம். வராவிட்டால் மறுபடியும் வேன் ஏற வேண்டும், பிள்ளையை மறுபடியும் யார் கையிலாவது விட வேண்டும். வேலையை விட்டு இரண்டு மாதம் காத்திருந்து விண்ணப்பம் போடப் போன இடத்தில்தான் இந்த லட்சணம்.

கடைக்காரர் நல்ல மனுஷர், வாய்தான் சும்மா இருக்காது. "செத்தவங்க பேர்ல நீங்களே கேட்டா குடுக்க மாட்டாங்கக்கா. உங்க ஊட்டுக்காரரு, அண்ணன்தான் கேக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க, அப்படிப் பாத்தா அண்ணனுக்கும் பாப்பாவுக்கும் மாசாமாசம் பென்சனே வருமுங்க. இருக்கறவங்களுக்குத்தான் ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

"வாயக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு கூடவே வந்தது. காவிரிப் பாலம் வரைக்கும் நடந்தேன். இருக்கிற அம்மாவைவிடச் செத்த அம்மாவால் பிள்ளைக்கு மாத்திரை தவறாமல் வாங்க முடியும் என்று ஒரு எண்ணம் ஓடியது. சத்தியமாக நானே அதை வரவழைக்கவில்லை. கீழே தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு என்னைப் பார்த்தே பயம் வந்துவிட்டது. பாலத்தில் கால் வைக்காமல் திரும்பி, ஒரு டீக்கடை பெஞ்சில் நாலு பேர் நடுவே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அங்கிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க, பேச்சையே காணோம்? பென்சன் எவ்வளவு வரும்னு கணக்குப் போடறீங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாத புள்ள" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. "நாந்தான் புள்ள உன்னையக் கொன்னுட்டேன்."

"என்னது?"

"நீ பாப்பாவத் தூக்கீட்டுச் சேலம் போன அன்னைக்கு மில்லுல இருந்து ஒரு ஆளு கூப்புட்டான். உங்க ஊட்டுக்காரம்மா வேலைக்கு வரலியேன்னான். போயிட்டாளுங்க, இனிமேல் வரமாட்டாளுங்கன்னேன். எப்பன்னான். இன்னைக்குக் காத்தால அஞ்சு மணிக்குங்கன்னேன். எப்படி ஆச்சுன்னான். திடீர்னு வலிப்பு வந்துருச்சுங்கன்னேன்."

அஞ்சு மணி பஸ்ஸில் நான் சேலம் போனதைத்தான் பாவி மனுஷன் சொல்லியிருக்கிறார். வலிப்பு பிள்ளைக்கு என்று சொல்லவில்லை. அதுவும் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். மனசைத் தேத்திக்குங்க சார் என்று அந்த ஆள் சொன்னானாம். பிள்ளைக்காகச் சொல்கிறான் என்று நினைத்து இவரும் ரொம்ப நன்றிங்க என்றாராம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்தவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள், வேலைக்குப் புதுசு. நான் பெயரைச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, நீங்க... அன்னிக்கு அவர் அப்படி அழுதாரே!" என்றார். வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபமும் போய்விட்டது. திருத்தச் சொல்லி மில்லும் நானும் சேர்ந்து ஒரு மனு கொடுக்க வேண்டுமாம். மேனேஜர் கையெழுத்துக்கு இரண்டு வாரம் அலைந்தேன். கூட வேலை பார்த்தவள் ஒருத்தி, "செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டி சாமி, உடு" என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டாள்.

சேலத்துப் பி.எஃப். ஆபீஸுக்கும் மகளைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். பஸ்ஸில் அவள் கண்ணை மூடினால் எனக்குப் பகீர் என்றது. தூங்குகிறாளா, வலிப்பு வருகிறதா? தட்டித் தட்டி எழுப்பி, அவளை அழ வைத்தேன். ஆபீஸில் விரலை வைக்கச் சொன்னார்கள். ஒரு விரலும் பதியவில்லை. ஆறு வருடம் நூலை ஓட்டித் தேய்ந்த விரல்கள். பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார்கள். நான் நான்தான் என்று இந்த மெஷினும் ஒத்துக்கொள்ளாவிட்டால் எங்கே போவேன் என்று நினைத்துக்கொண்டே அடுத்த விரலை நீட்டினேன். கடைசியில் கண்ணைப் படம் பிடிக்கும் மெஷினைக் கொண்டுவந்தார்கள். "சிமிட்டாமப் பாருங்கம்மா" என்றார் அங்கிருந்த ஒரு அம்மாள். கண்ணில் நீர் வழிய வழிய, சிமிட்டாமல் பார்த்தேன்.

பணம் வந்தது. மறுபடியும் விண்ணப்பம் போட்டு, ஒன்றரை மாதம் கழித்து வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

அதற்கடுத்த வாரம், பட்டப்பகலில், சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது மகளின் இடது கை தானாக மேலே எழும்பியது. கண் ஒரு பக்கமாகப் போனது. முதல் தடவையாக நான் அதைக் கண்ணால் பார்க்கிறேன். கத்தவேண்டும்போல் இருந்தது, கத்தவில்லை. வாயிலிருந்த சோற்றைக் கன்னத்தோரம் வழித்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் இருபது நொடி. நின்றுவிட்டது. மருந்தை அடிக்கத் தேவைப்படவில்லை. அவள் தூங்கிப்போனாள். அதன் பிறகும் சோற்றுக்கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எந்தக் கை முதலில், கண் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம். போன தடவை அவர் கேட்டதற்கு எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், மாத்திரையைக் கூட்டினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வருஷம்னு சொன்னேன் இல்ல, அதை இன்னையிலிருந்து மறுபடி எண்ணணும்மா. அதுவரைக்கும் கூட ஆள் இருப்பாங்களா?"

வந்த பணம் ஒரு வருடத்துக்குத்தான். அது எனக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது.

"நான் இருக்கறனுங்க" என்றேன்.