கறிக்கடையில் ஒரு எக்ஸ்ரே

நின்றிருந்த ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டவன் நான். மாவுக்கட்டைப் பிரித்தும் உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவில்லை. ஆட்டுக்கால் சூப்புக்காக, ஆஸ்பத்திரியிலிருந்து எக்ஸ்ரேயும் கையுமாகக் கறிக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நரைமீசைக்காரர். கட்டைவிரலால் தடவி மூட்டைக் கண்டபிறகே கத்தியை இறக்குவார். எக்ஸ்ரேயை வாங்கி, ஆட்டின் முன்னங்கால் ஒன்றின் பக்கத்தில் பிடித்தார்.

"மேல ஒத்தை எலும்பு, கீழ ரெண்டு. கோழி றெக்கையும் இப்படித்தான் சார். ஆட்டுக்கு அந்த ரெண்டும் ஒட்டிப்போச்சு, திரும்பாது. உங்களுக்குத் தனித்தனியா இருக்குல்ல? திரும்பும்."

"ஒட்டிப்போனா?"

"அப்பவும் சூப்புக்கு இங்கதான் வரணும்!"

மூன்று மாதம் கழித்து, உள்ளங்கையை நிமிர்த்தியே பொட்டலம் வாங்கினேன். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன், ஆடும் கோழியும் மனிதனும் தனித்தனி இனங்களாகப் பிரியுமுன், ஏதோ ஒரு பிராணி ஊன்றி நடந்த கை அது. கடைக்காரரின் கட்டைவிரல் தினமும் அதைத்தான் தடவுகிறது. அன்று சூப் ஆறும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.