நளினி மிஸ் அடித்துவிட்ட பத்தி

எங்கள் கல்லூரியில் ஒழுங்காக வேலை செய்கிற கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான். அது நூலகத்தில் என் மேஜைமேல் இருக்கிறது. அதனால் பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்துக்கு எங்கள் பிள்ளைகள் போடும் விண்ணப்பங்களை நான்தான் டைப் அடித்து அனுப்புவேன். நளினி மிஸ் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கமா விட்டுப்போனாலும் என் உயிரை வாங்குவார்.

நளினி விலங்கியல் சொல்லித்தருகிறவர். பதினேழு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் உண்டு, வேலைதான் நிரந்தரமில்லை. நந்திதுர்க்கில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவர். எம்.எஸ்ஸி. முடித்து, பிஎச்.டி.க்கு இடமும் கிடைத்து, சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா தாமோதரன் படுத்த படுக்கையானதால் சேராமலே ஊர் திரும்பியவர். தனக்குக் கிடைக்காததைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார் என்று ஸ்டாஃப் ரூமில் கேலி பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

அந்த நிலையத்தில் வருடா வருடம் இரண்டு மாதப் பயிற்சி உண்டு. சின்ன ஊர்க் கல்லூரிகளில் கடைசி வருடம் படிக்கும் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கென்று சில இடங்கள். கர்நாடகத்தில் நாங்கள் தமிழர்கள், மொழிச் சிறுபான்மை. அந்தச் சான்றிதழுக்காக நளினி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனை அலுவலகப் படி ஏறினார் என்று எனக்குத் தெரியும். மைக்ரோபிப்பெட் என்று ஒரு கருவி, கண்ணீர்த் துளியில் பாதியைக்கூட அளந்து எடுக்கும். எங்கள் கல்லூரியில் அது கிடையாது. எங்கிருந்தோ பழையது ஒன்றை வாங்கி வந்து, கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரில் பழக்கினார். ஏழு வருடத்தில் ஒன்பது பேர் போனார்கள். அதில் பரத் இப்போது காசநோய்க் கிருமியை வைத்து பிஎச்.டி. செய்கிறான்.

பத்தாவதாகப் போயிருக்க வேண்டியவள் அமலா.

அமலாவின் அப்பா முனியப்பன், சுரங்கம் மூடும்வரை பாறையில் துளை போடும் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்தூசு மட்டும் அவர் நுரையீரலை விட்டுப் போகவில்லை. அமலா நுரையீரல் ஆராய்ச்சியைத்தான் கேட்டிருந்தாள். விண்ணப்பத்தில், ஏன் இந்த ஆராய்ச்சிக்கு வர விரும்புகிறாய் என்று ஒரு கேள்வி. தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எழுதி வந்திருந்தாள். "என் அப்பா படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை, உட்கார்ந்துதான் தூங்குவார். தினமும் காலையில் நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறார் என்று எண்ணி, மூன்று வருடமாகக் காலண்டரில் குறித்து வருகிறேன். பனி நாளில் கூடுகிறது, மழை பெய்தால் குறைகிறது. ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்று அதில் இருந்தது.

நளினி சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பத்தியை முழுசாக அடித்தார்.

"ஏன் மிஸ், தப்பா எழுதிக்கீறேனா?" என்றாள் அமலா.

"தப்பில்லம்மா. வூட்ல சீக்காளி கீறார்னா, இந்தப் பொண்ணு பாதியில வுட்டுட்டு ஓடிடும்னு நெனப்பாங்க. இன்டர்வியூல கேட்டாலும் இருமல் பேச்ச எடுக்காத. இன்னா?"

அமலா தலையாட்டினாள். 'எனக்கு அறிவியலில் சிறு வயது முதலே ஆர்வம் உண்டு' என்று நளினி சொல்ல, நான் டைப் அடித்தேன். எனக்கு அது தவறாகவே படவில்லை. எப்படிப் படும்? நானும் லைன் வீட்டுப் பிள்ளைதான். சுரங்கக் கம்பெனியின் மெடிக்கல் செக்கப் நாள் என்றால் எங்கள் லைன்களில் விடிவதற்கு முன்பே சுக்குத்தண்ணி கொதிக்கும். டாக்டர் முன்னால் இருமிவிட்டால் தரைக்குமேல் வேலைக்கு மாற்றிவிடுவார்கள், சம்பளம் குறைந்துவிடும் என்று பயம். வாயில் பனங்கற்கண்டை அடக்கிக்கொண்டு போவார்கள் ஆண்கள். வீட்டுக்கு யாராவது விசாரிக்க வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று குழந்தைகளுக்குக்கூடப் பாடம். எட்டு வயது நளினி ஒருமுறை கம்பவுண்டரிடம், "எங்கப்பா இருமவே மாட்டாரு சார்" என்று சொல்லி, அப்பாவிடம் ஒரு பட்டர் பிஸ்கட் வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு அப்பா பதினோரு வருடம் கீழே சுரங்கத்துக்குள் இறங்கினார்.

இன்டர்வியூவில் அமலாவிடம், "ஏன் நுரையீரல்?" என்று கேட்டார்கள். அறிவியலில் ஆர்வம் என்றாள். திரும்பவும் கேட்டார்கள். திரும்பவும் அதையே சொன்னாள். இடம் கிடைக்கவில்லை.

நளினி என் எதிரில் உட்கார்ந்துதான் இன்டர்வியூ எடுத்த விஞ்ஞானிக்குப் போன் போட்டார். காலண்டர் விஷயத்தை அப்போதுதான் உளறினார். ஸ்பீக்கரில் அவர் குரல் சட்டென்று உயர்ந்தது.

"மேடம், மூணு வருஷம் தினமும் குறிச்சு வெச்சிருக்காளா? அதைக் கேக்கத்தானே ரெண்டு தடவை கேட்டேன். ஏன் சொல்லல? இப்ப லிஸ்ட் போயிடுச்சே."

போனை வைத்தபின் நளினி அழுதார். "எங்கப்பாவுக்காகப் பொய் சொன்னப்போ எட்டு வயசு சார், ஒண்ணும் தெரியாது. இப்ப இன்னா தெரியாது எனக்கு?" என்றார். டைப் அடித்த கை என்னுடையது.

கடைசி வருடம் தாண்டினால் அந்தப் பயிற்சிக்கு மறுபடி போட முடியாது. 'இந்தத் தடவை போட்டி ஜாஸ்தி' என்று மட்டும் அமலாவிடம் சொன்னோம். அவளும் நம்பினாள்.

போன மாதம், இந்த வருடத்துப் பெண் ஸ்வாதியை இன்டர்வியூவுக்குக் கூட்டிக்கொண்டு நானும் நளினியும் காலை ரயிலில் போனோம். ஸ்வாதியின் விண்ணப்பத்தில் நளினி ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. சாம்பியன் ஸ்டேஷனில் அமலா ஏறினாள், கழுத்தில் கம்பெனி அட்டை. மெடிக்கல் கோடிங் வேலையாம். அமெரிக்க ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து, நோய்க்கு உரிய எண்ணைப் போட வேண்டும்.

"அப்பா சீக்குக்கும் ஒரு நம்பர் கீது மிஸ். ஜே அறுபத்திரெண்டு. எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு வரும்" என்றாள். குத்திக்காட்டவில்லை, ஊர்ச் சேதி சொல்வதுபோல் சொன்னாள். "எத்தினி வருஷம் இருமல், எங்க வேல செஞ்சாங்க, எல்லாம் எழுதியிருப்பாங்க. அவங்க ஒண்ணும் மறைக்கிறதில்ல மிஸ்."

நளினி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "காலண்டர் எழுதறியாம்மா?"

"அத வுட்டுட்டேன் மிஸ். அஞ்சரைக்கே கெளம்பிட்றேன். அதுவுமில்லாம, அத யார் கேக்கப்போறாங்க?"

கேட்டார்கள். இரண்டு தடவை கேட்டார்கள். அதை அன்றைக்காவது சொல்லிவிடுவார் என்று நான் நளினியின் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார். பெங்களூரு வரும்வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.