குவார்டாவிலிருந்து ஆர்தெஸ் வரை

நினைத்தவுடன் வாயில் இரும்பு ருசிதான் வருகிறது...

சுவிஸில் எங்கடின் என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஊருக்கு ஊர் கல்தொட்டிகள் இருக்கும். மலைத்தண்ணீர் இரவு பகலாக அவற்றில் விழுந்துகொண்டே இருக்கும். சில தொட்டிகளின் கல்லில் துரு நிறத்தில் கறை படிந்திருக்கும். குனிந்து ஒரு வாய் குடித்தால் பல் கூசும். ஆணியைச் சப்பியதுபோல நாக்கில் ஒரு ருசி.

இருபது வருடம் இருக்கும். அங்கே ஒரு ஹோட்டல் லோண்டரியில் துணி தோய்க்கிற வேலை எனக்கு. கூட வேலை செய்த ஒரே தமிழ் ஆள் மேரி அக்கா. மன்னார்ப் பக்கம். என்னைவிட எட்டு வயது மூத்தவர். விடியவே தொடங்குகிற வேலை, பின்னேரம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. அறையில் படுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் சூப்பர்வைசர் உர்சினா அந்த ஊர்க்காரி. வேலை முடிந்ததும் காலில் சப்பாத்தை மாற்றிக்கொண்டு ஓடப் போய்விடுவாள். ஒரு நாள் தன் பழைய சப்பாத்துகள் இரண்டு சோடியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். துணி லிஸ்ட் ஒன்றைத் திருப்பி, பென்சிலால் வழி கீறினாள். குவார்டா, ஆர்தெஸ், ஃப்தான்... ஊருக்கு ஒரு சின்ன வட்டம், தேவாலயத்துக்கு ஒரு சிலுவை.

மேரி அக்கா சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒருத்தரும் துரத்தாமல் என்னத்துக்கடி ஓடுறது?"

ஆனாலும் போனோம்.

சிவப்பு ரயிலில் ஏறி, இறங்கி, செங்குத்தான பாதையில் மூச்சு வாங்க ஏறினால் குவார்டா. நானூறு வருடத்து வீடுகள் என்று உர்சினா சொல்லியிருந்தாள். தடித்த சுவர்கள், உள்ளே குழிந்து போகும் குட்டி ஜன்னல்கள். சுவர்ச் சாந்தைச் சுரண்டியே பூக்கள், மீன்கள், நட்சத்திரங்கள் வரைந்திருந்தார்கள். ஊர் முடிந்ததும் புல்வெளி. எங்கேயோ மாட்டு மணிச் சத்தம். கீழே, மிகக் கீழே, ஆறு ஒரு பச்சை நூலாகக் கிடக்கும். நான் ஓடுகிறேனா, அந்த மலைகள் என்னைக் கடந்து போகின்றனவா என்று தெரியாத ஒரு மயக்கம்...

மூன்றாவதோ நாலாவதோ தடவை. பாதி வழியில் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது.

அடுத்த கணம் இரண்டு பேரும் பாதையோரப் பள்ளத்தில் குப்புறக் கிடந்தோம். ஊரில் சண்டைக் காலத்தில் பழகியபடி கைகள் தாமாகவே தலையை மூடிவிட்டன. மூக்கில் புல் குத்தியது. சத்தம் எங்கள் முதுகுக்கு மேலே வந்தது. குண்டு விழும், இதோ விழும் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

விழவில்லை. மேரி அக்காதான் முதலில் தலையைத் தூக்கினார்.

"சுகி... எழும்பு. மேல பார். மாடு!"

பார்த்தேன். ஹெலியிலிருந்து நீளமான கயிறு. கயிற்றின் நுனியில், தொட்டிலில் பிள்ளை கிடப்பதுபோல, ஒரு பழுப்பு மாடு. காலில் காயம் பட்ட மாடுகளை மேல் மேய்ச்சல் நிலத்திலிருந்து அப்படித்தான் இறக்குவார்களாம். நாலு காலும் தொங்க, அது சாவகாசமாகப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பறந்து போனது.

சிரித்தோம். வயிறு நோகச் சிரித்தோம். பிறகு பார்த்தால் மேரி அக்கா அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த கிழமை நான் சப்பாத்துக் கட்டும்போது அவர் கட்டிலை விட்டு எழவில்லை.

"நான் வரேல்லையடி. கடைசியா ஊரில ஓடினது அம்மாவோட. அவ பின்னால வாறா எண்டு நினைச்சுத்தான் ஓடினனான். திரும்பிப் பாக்கேல்ல."

கட்டிலில் அவர் பக்கத்தில் போய் இருந்து, "அப்ப ஓட வேண்டாம் அக்கா. நடப்பம்," என்றேன்.

அந்தக் கோடை முழுக்க நடந்தோம். அதே பாதை, அதே ஊர்கள். குவார்டாவில் ஒரு கிழவர் ஜன்னலில் சிவப்புப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியபடி எங்களுக்குக் கை காட்டுவார். புல் வெட்டி அடுக்கினார்கள். பிறகு குளிர் வந்தது. மலைச்சரிவில் ஊசியிலை மரங்கள் மஞ்சளாகி, வெயிலில் சரிவு முழுக்கப் பொன்னாக நின்றது.

அப்படி ஒரு பின்னேரம், ஆர்தெஸ் தேவாலயக் கோபுரம் தெரிகிற இறக்கத்தில், மேரி அக்கா திடீரென்று ஓடத் தொடங்கினார்.

நான் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்ப்பார்.

"வாறியோ?"

"வாறன் அக்கா!"

அடுத்த வளைவு. "வாறியோடி?"

"ஓம், வாறன்!"

ஆர்தெஸ் வரை அப்படியே. ஊர் வாசலில் நின்று முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினார். முகம் செம்மண்போலச் சிவந்திருந்தது. நான் வந்து சேர்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார். ரயில் வரும்வரை விடவில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கலியாணம் சரிவந்து டொரோண்டோ வந்துவிட்டேன். மேரி அக்கா அங்கேயே இருக்கிறார். உர்சினாவின் சூப்பர்வைசர் வேலை இப்போது அவருக்கு. முழங்கால் பழுதாகிவிட்டதால் ஓடுவதில்லையாம், ஆனால் ஞாயிறுகளில் குவார்டா போய் வருகிறாராம்.

இங்கே, டொரோண்டோவின் அஜின்கோர்ட் பகுதியில், எல்லாம் சமதரை. ஹைவே இரைச்சல், நேர்கோட்டு வீதிகள், நானூறு வருடத்து வீட்டுக்கு எங்கே போவது! சனிக்கிழமை காலையில் மகளும் நானும் ஓடைக்கரை டிரெயிலில் ஓடுகிறோம். அவளுக்குப் பதினாறு வயது. காதில் பாட்டு, கையில் வோட்ச், கண்ணில் படாத தூரத்துக்கு அவள் போய்விடுவாள்.

ஒருதரம்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனாலும் சில வளைவுகளில்... ஒருக்கால் திரும்பி "வாறியோ?" என்று யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்போலத் தோன்றுகிறது.