பால் திரிஞ்ச வெள்ளிக்கிழமை

அந்தக் கிராணியார் மட்டும் ஒரு வாய் குடிச்சிடணும். அந்த வாரம் முழுக்க எனக்கு இதே நெனப்புதான். சோறு எறங்கல.

விஷயம் இதுதான். பிரிக்பீல்ட்ஸ்ல ரயில் எஞ்சின் கொட்டகை வாசல்ல நானும் என் வீட்டுக்காரரும் தேத்தண்ணிக் கடை போட்டு எட்டு மாசம் ஆயிருந்தது. அதுக்கு முன்னே காப்பார் தோட்டத்துல ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவங்க நாங்க. கொசுக்கடியும் கங்காணி ஏச்சும் போதும்டா சாமின்னு ஓடி வந்தோம். ஆனா இவர் பால் வாளியை மட்டும் விட்டுட்டு வரல. கதவுக்குப் பின்னால வச்சிருந்தார். "கெடக்கட்டும் புள்ள, நாளைக்கே திரும்பிப் போகும்படி ஆனா?"ன்னு கேப்பார். அந்த வாளியைப் பாக்கறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

இப்ப, வாசல்ல ஒரே ஒரு கடைதான் இருக்கணும்னு உத்தரவாம். வெள்ளிக்கிழமை காலையில பெரிய கிராணியார், அதான் ரயில் ஆபீஸ் குமாஸ்தா, வந்து, எங்க கடையையும் எதிர்க் காப்பிக் கடையையும் பாத்து, ஒண்ணுக்கு மட்டும் சீட்டு எழுதுவாராம். எதிர்க் கடைக் காப்பி ருசியாத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

கிராணியார் யாழ்ப்பாணத்து மனுஷர். வெள்ளைக் கோட்டு, கழுத்து வரைக்கும் பொத்தான். தினம் வாசல் வழியாத்தான் போவார், எந்தக் கடையிலயும் வாய் நனைக்க மாட்டார். ஒரு தடவை டின் பால் ஊத்தி, நல்லா ஆத்தி, ஓடிப் போய் நீட்டினேன். கையைக் காட்டிட்டு நடந்துட்டார். "பெரிய மனுஷன், நம்ம கையில குடிப்பாரா?"ன்னார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்ததே ரோஷம்! குடிக்க வைக்கலேன்னா நான் ஏன் அடுப்பு முன்னால நிக்கணும்?

எங்க வீட்டு வரிசைக்குப் பின்னால மாடு வச்சுப் பால் ஊத்தற பஞ்சாபிக் குடும்பம் ஒண்ணு. அப்பல்லாம் நாங்க அவங்களை வங்காளின்னுதான் சொல்லுவோம். அந்த வீட்டுக்காரி தேத்தண்ணி காய்ச்சினா தெருவே மணக்கும். நேரா போய் நின்னேன். அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது, ரெண்டு பேருக்கும் சந்தையில பேசற அரைகுறை பாசார் மலாய்தான். "ஹாலியா டூலு!"ன்னு இஞ்சியைத் தூக்கிக் காட்டினா. இஞ்சிதான் முதல்லயாம். இஞ்சி, ஏலம், பட்டை, ரெண்டு கிராம்பு, நாலு மிளகு, எல்லாத்தையும் நசுக்கித் தண்ணியில கொதிக்க விட்டா. அவங்க ஊர்ல முன்னெல்லாம் சளிக்கு இதை மட்டும் குடிப்பாங்களாம், தேத்தூள் பின்னால வந்து சேந்ததுதானாம். அப்புறம் தூள் போட்டா, கடைசியா பால். ஒரு மடக்கு குடிச்சேன். ஆத்தாடி! நாக்குல சுருக்குன்னு ஏறி நெஞ்சு வரைக்கும் சூடா எறங்குச்சு. இதுக்கு மசியாத மனுஷனும் உண்டா?

வியாழக்கிழமை ரயிலேறி கிள்ளான் போய் நல்ல ஏலக்காயாப் பாத்து வாங்கியாந்தேன். டின் பாலே இனிமே நம்ம கடையில கூடாதுன்னுட்டேன். "ஆடாதேடி"ன்னார் இவர். நான் எங்க கேக்கறது!

வெள்ளிக்கிழமை விடிய அடுப்பு மூட்டினேன். ஒரு பானையில மசாலாவும் தேத்தூளும் கொதிச்சு கறுகறுன்னு நிக்குது. இன்னொண்ணுல வங்காளி வீட்டுப் பால், நுரை கட்டி. மணம் இன்னும் தூக்கலா இருக்கட்டுமேன்னு ஒரு கைப்பிடி பச்சை இஞ்சியைத் தட்டிப் பால்ல போட்டேன். டின் பால் தேத்தண்ணிக்கு அதுதான் எங்க பழக்கம், கடைசியில இஞ்சியைப் போட்டு ஆத்திடுவோம். பசும்பால் அதைத் தாங்குமா? தோட்டத்து ரப்பர் பால்ல ஆசிட் ஊத்தினாப்புல கண்ணு முன்னாலயே கட்டி கட்டியாத் திரிஞ்சு போச்சு. அந்த வங்காளி வீட்டுக்காரி ஏன் இஞ்சியை முதல்ல தண்ணியில போடச் சொன்னான்னு அப்பத்தான் மண்டையில ஏறுச்சு.

"போச்சுடி, காப்பார்தான்"னார் இவர். நிமிர்ந்து பாத்தா எதிர்க் கடையிலேருந்து கிராணியார் வரார்! அங்க அவருக்கு வச்ச பால் காப்பி தொடாமலே இருக்கு. இவர் சட்டுன்னு வேட்டியை விரிச்சுப் பிடிச்சு பால் பானைக்கு முன்னால நின்னுட்டார். கிராணியார் கோப்பைகளைப் பாத்தார், சாக்கடையைப் பாத்தார். நான் இருந்த கறுப்புத் தண்ணியை ஊத்தி நீட்டிட்டேன். சீனி போடக்கூட மறந்துட்டேன்.

"பாலில்லையோ?"

"இல்லீங்க"ன்னேன்.

மனுஷர் கோட்டுப் பையில கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பனங்கட்டி, நம்ம கருப்பட்டிதான்! ஒரு கடி கடிச்சார், ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடிக்கிட்டார்.

"சோக்காயிருக்கு பிள்ளை. ஊரிலே நாங்கள் வெறும் தேத்தண்ணிதான் குடிக்கிறது, பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு. இஞ்ச ஒருத்தரும் என்ன வேணுமெண்டு கேக்கிறேல்லை. பாலை ஊத்திப்போட்டுத்தான் நீட்டுறியள்." இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடிச்சார். அப்புறம்தான் பேனாவை எடுத்துச் சீட்டு எழுதி நீட்டினார்.

அவர் தலை மறைஞ்சதும் எனக்குச் சிரிப்பு வருது, அழுகை வருது, ரெண்டும் சேந்து வருது. எட்டு மாசமா அந்த மனுஷரைத் திமிர் பிடிச்சவர்னு ஏசினேனே, ஒரு நாள் வாயைத் திறந்து என்ன குடிப்பீங்கன்னு கேட்டேனா?

என் வீட்டுக்காரர் சீட்டைத் தலைகீழாப் பிடிச்சு ரெண்டு தடவை பாத்தார். ரெண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. மடிச்சு என் கையில கொடுத்தார். நேரா வீட்டுக்குப் போனார். கதவுக்குப் பின்னால இருந்த பால் வாளியை அவரே தூக்கிக்கிட்டுப் போய் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டு வந்தார்.