பத்துத் திருகாணி

வராமல் போனது எவ்வளவு என்று அளப்பதுதான் என் வேலை. ரேடியோ ஃபில்டர் குறைந்த அதிர்வெண் அலைகளைப் போகவிட்டு உயர்ந்தவற்றைத் தடுக்கும். எவ்வளவு தடுத்தது என்பதைத் திரையில் ஒரு கோடு இறங்கிக் காட்டும். ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் அந்தக் கோட்டைப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. எதையாவது அளந்து பிழைக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஈர்க்குச்சி

ஃபில்டருக்குள் செப்புக் கம்பிச் சுருள்கள் உண்டு. அவற்றை மயிரிழை நகர்த்தினால் கோடும் நகரும். உலோகம் கிட்டே வந்தாலே அளவு மாறிவிடும் என்பதால், மூடியிலுள்ள துளை வழியே துடைப்பத்து ஈர்க்குச்சியை விட்டுத்தான் நகர்த்துவோம். வேப்பனப்பள்ளியிலிருந்து வரும் சுருள் பிரிவு மகேஸ்வரிக்கு அது கைவந்த கலை.

பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். மூன்று கம்பெனி ஃபில்டர்களை அளந்து ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறவர். அந்த ஆர்டர் தவறினால் சுருள் பிரிவையே மூடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதில் ஆறு பெண்கள். குச்சியைப் பார்த்து இன்ஜினியர் சிரித்தார். “என்ன மேடம், பெருக்கறதும் இதுலதான், டியூன் பண்றதும் இதுலதானா?”

மகேஸ்வரி நிமிரவே இல்லை. “ரெண்டும் வேண்டாததைத் தள்ளுற வேலைதானுங்க சார்.”

மூன்றாம் இடம்

எங்கள் ஃபில்டர் ஒன்றை அவர் எடுத்துப்போன இரண்டே வாரத்தில் பெங்களூரிலிருந்து போன் வந்தது. மூன்றில் நாங்கள் கடைசி. எங்கள் மேசையில் ஆழம்வரை இறங்கிய கோடு, அவர் மேசையில் பாதியிலேயே நின்றுவிட்டதாம்.

நல்ல செய்தியை நம்ப எனக்கு நாளாகும். கெட்டதை உடனே நம்பிவிடுவேன். டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மகேஸ்வரி எதிரே வந்து நின்றாள். “நீங்க அளந்தது பொய்யாம்மா? பொய்யில்லைன்னா எழுந்து பெங்களூர் பஸ் ஏறுங்க.”

இறங்கிய கோடு

அவர் மேசையில் மூன்று ஃபில்டர்களும் இருந்தன. மற்ற இரண்டும் திறக்கப்படவே இல்லை. குச்சி உள்ளே என்னதான் செய்கிறது என்று பார்க்கும் ஆசையில் எங்களுடையதை மட்டும் திறந்திருக்கிறார். திரும்ப மூடியபோது நான்கு மூலைக்கும் நான்கே திருகாணி. மீதி ஆறும் பேனா டப்பாவில் கிடந்தன. மூடி அழுந்தாவிட்டால், தடுக்க வேண்டிய அலை இடுக்கு வழியாக நழுவி மறுமுனைக்குப் போய்விடும்.

திருப்புளி கேட்டேன். ஒவ்வொன்றாக முடுக்கினேன். ஐந்தாவதில் கோடு அசைந்தது. எட்டாவதில் சரிந்தது. பத்தாவதில், மற்ற இரண்டு கம்பெனிகளின் கோடுகளுக்கும் வெகு கீழே போய் அமைதியாகப் படுத்துக்கொண்டது. என் காதுக்கு அது ஒரு நல்ல பாட்டு வரி முடிந்தது போல இருந்தது.

அவர் சொன்னார்: “தப்பு என்னோடதுதான் மேடம், ரிப்போர்ட்டை நானே மாத்தி எழுதறேன், ஆர்டர் உங்களுக்குத்தான்... அந்தக் குச்சி ஒண்ணு கிடைக்குமா?”

ஆயுள் முழுக்க அளந்து நான் கண்ட ஒரே வெற்றி விழா, ஆறு பெண்கள் சூழ நின்று பெங்களூருக்கு ஒரு முழுத் துடைப்பத்தைப் பார்சல் கட்டியதுதான்.