நர்ஸா, கம்பவுண்டரா?

இன்று என் படிப்பு விசயமா விசாரிக்க, என்னைப் பெத்த அய்யாவோடு இராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ரயிலில் போனேன்.

“நர்ஸு வேணாம்த்தா. கண்டவன் கையையும் காலையும் தொடணும். கம்பவுண்டர்னா மருந்தக் கலக்கி ஜன்னல் வழியாக் குடுத்துரலாம்” என்றார் அய்யா.

“நர்ஸுக்குத்தான் போவேன்” என்றேன்.

பாம்பனில் ஒரு மீனவரைத் தூக்கிவந்து எங்கள் பெட்டியில் ஏற்றினார்கள். காலில் திருக்கை மீனின் முள் குத்தி ரத்தம் கொட்டியது. கூஜாத் தண்ணீரில் காயத்தைக் கழுவி, அய்யாவின் துண்டைக் கிழித்துக் கட்டினேன். பாலம் தாண்டும்வரை அந்த மனிதர் என் கையை விடவே இல்லை.

இறங்கியதும் அய்யா, “நீ நர்ஸுக்கே படி ஆத்தா” என்றார்.

நானோ குழாயடியில் கை ரத்தத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். “ரத்தத்தப் பாத்து அரண்டு போயிட்டேன். கம்பவுண்டருக்கே போறேன்யா” என்றேன்.

வீடு வந்தும் வாக்குவாதம் ஓயவில்லை. நீங்கள் யார் பக்கம்?