வெள்ளைக்காரியின் குளம்

பெரியம்மாவுக்கு அவள் வேலை செய்யும் இடத்தில் வெள்ளைக்காரி என்று பெயர். ஆள் நல்ல கறுப்பு. ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில் படுக்கை விரிப்புகளை வெளுப்பது அவள் வேலை. மற்றவர்கள் வெளுத்தால் துணி வெள்ளையாகும். அவள் வெளுத்தால் பார்க்கிறவன் கண் கூசும். கறை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் கிடையாது. ஒருமுறை கறுப்புக் காகிதத்தைப் பொட்டளவு வெட்டி அவள் தலையணை உறைமேல் வைத்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்துப் பாதிக் காகிதம் கரைந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. பிரஷ்ஷோடு என்னை மாடிப்படி முழுக்கத் துரத்தினாள்.

எங்கள் வீடு கட்டிடத்தின் உச்சி மாடியில் இரண்டு அறை. அம்மா, பெரியம்மா, நான், அப்புறம் செருப்பு அலமாரிமேல் ஒரு கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்கள். அதில் பெரியதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது நான். நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடுவார், ஒரு வேலையும் நடக்காது.

போன கோடையில் கூரை காய்ந்து, தொட்டித் தண்ணீர் கைவைத்தால் சுடுகிற அளவுக்கு வந்துவிட்டது. இரண்டு மீன் மிதந்தன. பெரியம்மா அழவில்லை. இஸ்திரி போட்ட கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். மிச்சம் இருந்தது மூன்று. இந்த வருடம் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள், இந்த மூன்றையும் கோடை தாண்ட வைக்காமல் விடுவதில்லை என்று.

கட்டிடத்துக்குப் பின்னால், மதில் ஓரமாக, மதியத்துக்கு மேல் நிழல் விழும் ஒரு மூலை உண்டு. அங்கே மீனுக்கு ஒரு குளம் வைக்கக் கேட்டதும் வீட்டுக்காரர் கொசு வரும் என்றார். கொசு முட்டையிலிருந்து வருகிற புழுவைத்தான் மீன் தின்றுவிடுமே என்றாள் பெரியம்மா. அவர் நம்பவில்லை. ஒரு கொசு வந்தாலும் உங்கள் வீட்டுத் திரைச்சீலை எல்லாம் ஆயுசுக்கும் நான் துவைத்துத் தருகிறேன் என்றதும் மனிதர் உடனே சரி என்றார். கொசு வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பார்.

ஓட்டலில் விளிம்பு உடைந்த பாத்டப் ஒன்றைத் தூக்கிப்போட இருந்தார்கள். லாண்டரிக்காரிகள் நாலு பேர் அதைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எட்டுக் கால் வைத்த வெள்ளை ஆமை ஒன்று தெருவில் நடந்து வந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மண் குளிர்ச்சி கிடைக்கட்டும் என்று குழி தோண்டி அதைப் பாதிக்குமேல் புதைத்தோம். அடி ஓட்டையை ரப்பரும் பசையும் வைத்து அடைத்தோம்.

அப்புறம் பெரியம்மா ஆரம்பித்தாள். பாத்டப்பைத் தேய்த்தாள். கூழாங்கற்களை அண்டாவில் போட்டு வேகவைத்தாள். நீர்ச்செடியை இலை இலையாகக் கழுவினாள். குழாய்த் தண்ணீரை நிரப்பி, குளோரின் வாடை போகும்வரை வெயிலில் திறந்து வைத்தாள். அந்த வாடை விஷயத்தில் அவள் மூக்கை எந்தக் கருவியும் ஜெயிக்க முடியாது. கடைசியாகப் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சு. தண்ணீரை வடிகட்டுகிற அந்தத் துண்டு சேறு பிடித்துப் பழுப்பாக இருந்தது. அதை ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, வாடை போக அலசி, இட்லி போல் வெள்ளையாக்கிச் சின்ன பம்பில் மாட்டினாள்.

மீன்களைத் தண்ணீரோடு ஒரு பையில் போட்டுக் குளத்தில் மிதக்கவிட்டு, சூடு பழகியதும் திறந்துவிட்டோம். அதுவரை நாங்கள் அவற்றைப் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறோம். மேலிருந்து பார்த்தால் வேறு பிராணி. முதுகெல்லாம் தணலாக மின்ன, வால் விசிறியாக விரிந்து விரிந்து சுருங்கியது. சொல்வதற்கு ஒரு கிண்டல் தயாராக வைத்திருந்தேன். அதை மறந்துபோய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில நாளிலேயே தண்ணீர் பால் கலந்ததுபோல் ஆனது. மூன்றும் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்தன. மறுநாள் சின்னது செத்துக் கிடந்தது.

பெரியம்மா உடனே பிரஷ்ஷைத் தூக்கினாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தேய்க்கிறேன் என்றாள். முதலில் மீன்கடையில் கேட்போம் என்று அம்மா பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், நானும் ஒட்டிக்கொண்டேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், ஸ்பாஞ்சு கதை வந்ததும் நெற்றியில் கைவைத்தார்.

"அக்கா, அது அழுக்கில்ல. மீன் விடுற கழிவு தண்ணியில விஷமாகும். அதைத் தின்னு தீக்கிற உசிரெல்லாம் அந்தப் பழுப்புலதான் இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாது. நீங்க வெளுத்துட்டீங்க."

"எத்தனை இருந்திருக்கும்?" என்று பெரியம்மா கேட்டாள்.

"எண்ண முடியாதுக்கா."

ஓடிக்கொண்டிருக்கும் தன் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சு தருவதாகச் சொன்னார். அதைக் குளத்தில் பிழிந்துவிட்டால் அந்த உயிரெல்லாம் திரும்பக் குடியேறும் என்றார். இருப்பதிலேயே அழுக்கானதாகக் கொடுங்கள் என்று கேட்டாள் பெரியம்மா. இந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததை லாண்டரியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஈரம் காயாமல் பையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

குளத்தோரம் குந்தியவள், ஸ்பாஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"நான் பிழியட்டுமாக்கா?" என்றாள் அம்மா.

"வேணாம். வெளுத்தது நான்தானே."

பிழிந்தாள். விரலிடுக்கில் பழுப்பு வழிந்து, அவள் கழுவிக் கழுவி வைத்த தண்ணீருக்குள் புகைபோல் இறங்கியது. ஆயுள் முழுக்கக் கறையோடு சண்டை போட்ட கை அது. மேனேஜர் அந்தப் புகைக்குள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அதற்கப்புறம் தினமும் கொஞ்சம் தண்ணீர் எடுப்பாள், வாடை போன தண்ணீர் கொஞ்சம் ஊற்றுவாள். தீனியை நிறுத்திவிட்டாள். வேலை முடிந்து வந்தால் நேரே அங்கேதான். தன்னையறியாமல் கை பிரஷ்ஷைத் தேடும். அதை நான் ஒளித்து வைத்துவிட்டேன். எங்கே என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

மீன்கள் மேலே வருவது குறைந்தது. ஒருநாள் காலையில் இரண்டையும் காணோம். பெரியம்மாவின் முகம் செத்துவிட்டது. முழங்கைவரை கையை உள்ளே விட்டாள். செடிக்கு அடியிலிருந்து மேனேஜர் சாவகாசமாக வந்து அவள் விரலை மோந்துவிட்டுத் திரும்பிப் போனார். பின்னாலேயே மற்றதும். பெரியம்மா கையை வெளியே எடுக்கவே இல்லை.

தண்ணீர் தெளிந்தது. அவள் வெளுத்த தெளிவு இல்லை. லேசாகப் பச்சை ஓடிய தெளிவு. பாத்டப் சுவரில் வெல்வெட்டுப் போல் பாசி. யார் போய்ச் சொன்னார்களோ, தட்டான் வந்தது. தண்ணீர்மேல் கால் நனையாமல் ஓடுகிற பூச்சி வந்தது. நாங்கள் வைத்தது ஒரு தொட்டிதான், மற்றவை எல்லாம் தாங்களாகவே குடிவந்தன. பத்தாவது பரீட்சையை இரண்டாம் முறை எழுதப்போகிற எனக்கே இது எப்படி என்று யோசித்துத் தூக்கம் வரவில்லை.

வெயில் உச்சத்தில், மேலே எங்கள் அறையில் சுவர் கொதித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பெரியம்மா என்னைக் கூப்பிட்டுச் செடியைக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. இலைகளுக்கு நடுவே கண் முளைத்த தூசிகளாக மீன்குஞ்சுகள். கட்டுரை நோட்டில் நான் போடாமல் விட்ட காற்புள்ளிகள் எல்லாம் இங்கே வந்து நீந்திக்கொண்டிருந்தன. பெரியம்மா எண்ணப் பார்த்தாள். பாதியிலேயே விட்டுவிட்டு, தன் மூச்சுப் பட்டால்கூடக் கலங்கிவிடும் என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்கு மாலை வீட்டுக்காரர் கொசு சோதனைக்கு வந்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஏமாற்றத்தோடு, என்னம்மா இவ்வளவு அழுக்காக வைத்திருக்கிறாய் என்று சுவர்ப் பாசியைச் சுரண்ட விரலை நீட்டினார்.

பெரியம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கை வைக்காதீங்கய்யா," என்றாள் மெதுவாக. "உள்ள ஆள் இருக்கு."